தையலுக்கு அரை இஞ்ச்

என் தம்பி பொண்டாட்டியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல அவ கழுத்தைப் பத்தித்தான் சொல்லணும். மத்தவங்க கழுத்துல செயின் இருக்கும், இவ கழுத்துல இஞ்ச் டேப்பு இருக்கும். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, என் தம்பியோட சண்டை போடும்போதுகூட அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருக்கும். நாங்க வேலை செய்யுற தையல் கூடத்துல அவளுக்கு டேப்புன்னே பேரு. நான் மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டேன். நாத்தனார்னா ஒரு கெத்து வேணாமா? "ஏய், இந்தா"ன்னுதான் கூப்பிடுவேன். அவ என்னை அண்ணின்னு கூப்பிடுவா. வீட்டுல கீழே அவங்க, மேலே நான். எனக்குக் கல்யாணம் ஆகல, ஆகலையேன்னு இதுவரைக்கும் ஒரு வாய் சோறுகூட நான் குறைச்சுச் சாப்பிட்டதும் இல்ல.

எங்க கூடத்துல தைக்கிறது எல்லாம் மொத்த ஆர்டர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் திரைச்சீலை, ஸ்கூல் யூனிஃபார்ம். நீளமான ஹால், ரெண்டு வரிசையா மெஷின், காலுக்குக் கீழே எப்பப் பாத்தாலும் நூல் குப்பை. ஹாலோட கடைசியில ஒரு பெரிய மேஜை. அதுல துணியை அடுக்கு அடுக்கா விரிச்சு, சாக்பீஸால கோடு போட்டு, கரண்டுல ஓடுற கத்தியால ஒரே வெட்டா வெட்டணும். அது கட்டிங் மாஸ்டரோட இடம். தைக்கிறவங்க எத்தனை பேர் வேணா இருக்கலாம், வெட்டுறவர் ஒருத்தர்தான். அவர் வெட்டினதைத்தான் நாங்க தைக்கணும். கோணையா வெட்டிக் குடுத்தாலும் தலையெழுத்தேன்னு தைக்கணும்.

டேப்புக்கு அந்த மேஜை மேல அப்படி ஒரு ஆசை. நாங்கள்லாம் சாப்பாட்டு நேரத்துல டப்பாவைத் திறந்து ஊர்க்கதை பேசிட்டு இருப்போம். இவ அரைகுறையா வாயில போட்டுக்கிட்டு மேஜைக்கு ஓடிடுவா. கீழே விழுந்த கழிவுத் துணியைப் பொறுக்கி, "மாஸ்டர், இந்த மாதிரித் திருப்பிப் போட்டிருந்தா இன்னும் ஒரு தலையணை உறை வந்திருக்குமே"ம்பா. மாஸ்டருக்குப் பெரிய மனசு. வேற யாராவதுன்னா "போடி வேலையைப் பாத்துக்கிட்டு"ன்னு விரட்டியிருப்பாங்க. அவர் கத்தரியை அவ கையில குடுத்துடுவார்.

அந்த மாஸ்டர் வேலையை விட்டுட்டு மகளோட போய் இருக்கப்போறேன்னு சொன்னார். தனக்கு அப்புறம் டேப்பு வெட்டட்டும்னும் சொல்லிட்டார். மேனேஜருக்கும் சம்மதம். ஆனா கரண்டு கத்திக்குப் பயிற்சி குடுக்குறவங்க எட்டாவது பாஸ் சர்ட்டிஃபிகேட் இல்லாம யாரையும் தொட விட மாட்டாங்களாம். எங்க ஆளு ஆறாவது பாதியில நின்னவ.

எட்டாவதுக்குத் தனித்தேர்வு எழுதினா. எல்லாத்துலயும் பாஸ், கணக்குல மட்டும் கவுந்துட்டா. மாஸ்டர் நல்லவர், "அடுத்த பரீட்சை ரிசல்ட் வரைக்கும் இருக்கேன்"னார். மேனேஜர் மட்டும் கறாராச் சொல்லிட்டார்: "அதுலயும் போச்சுன்னா வெளியிலேருந்து ஆள் போட்டுடுவேன்மா. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." வெளி ஆள் ஒருத்தர் வந்து உக்காந்துட்டா அப்புறம் அவர் வயசாகிப் போற வரைக்கும் மேஜை கிடையாது. அதுக்குள்ள இவளுக்கும் வயசாகிடும். அதுதான் விஷயம்.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து அடுப்பு முன்னாடி நின்னு அழுதா. எனக்கு அழுகையைக் கண்டா கோபம்தான் வரும். "எதுக்கு அழுவுற? கணக்குத்தானே? நான் எட்டாவது பாஸ். நான் சொல்லித் தரேன், வா"ன்னு உக்காத்தி வெச்சேன்.

வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்னு அஞ்சே நிமிஷத்துல புரிஞ்சு போச்சு. என் தம்பி மக ஏழாவது படிக்குது. அது புஸ்தகத்தை வாங்கித் திறந்தா, மைனஸ் ரெண்டையும் மைனஸ் மூணையும் பெருக்கணுமாம். "இதென்ன பிரமாதம், மைனஸ் ஆறு"ன்னேன். அந்தக் குட்டி ஓரமா உக்காந்து பென்சில் சீவிக்கிட்டு, "அத்தை, பிளஸ் ஆறு"ன்னுச்சு. "போடி, ரெண்டு கெட்டது சேந்தா எப்படி நல்லதாகும்?"னு நான் கேட்டேன். "அம்மா பாவம் அத்தை, நீங்க சொல்லிக் குடுத்தா இந்த வாட்டியும் ஃபெயில்தான்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. என் தம்பி எலக்ட்ரீஷியன். வயரைச் சுத்திக்கிட்டே, "அக்கா, உன் சர்ட்டிஃபிகேட்டை ஒருக்கா எடுத்துக் காட்டேன், உன்னோடதுதானான்னு பாப்போம்"னான். குடும்பமே சேந்து என் மானத்தை வாங்கிடுச்சு.

கடைசியில பக்கத்துத் தெரு ஸ்கூல்ல ஞாயித்துக்கிழமை காலையில பெரியவங்களுக்கு கிளாஸ் நடக்குதுன்னு தெரிஞ்சு சேத்துவிட்டோம். தனியாப் போக வெக்கமா இருக்குன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனா. பசங்க உக்கார்ற பெஞ்சு. முட்டி மேஜையில இடிக்குது. மேஜையில எவனோ காம்பஸ் முனையால ஒரு மீன் கீறி வெச்சிருக்கான். செவுத்துல முக்கோணம், வட்டம், சதுரம்னு கலர் அட்டையில வெட்டி ஒட்டியிருந்தாங்க. டேப்பு உள்ள நுழைஞ்சதும் அந்த வட்டத்துக்குக் கிட்டப் போய்ப் பாத்து, "கத்தரி மொக்கை, ஓரம் பிசிறு பிசிறா இருக்கு"ன்னா. முதல் நாளே அடி வாங்கப்போறான்னு நினைச்சேன்.

கணக்கு டீச்சர் ஒல்லியா, சின்னதா இருந்தாங்க. குரல் மட்டும் கிளாஸுக்கு வெளியே தெருவரைக்கும் கேக்கும். வயசு எங்களைவிடக் குறைச்சல்தான். ஆனா தப்பாப் போட்டவங்களை ஒரு நாளும் மட்டம் தட்ட மாட்டாங்க. "எப்படிப் போட்டீங்க, சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு, கையைக் கட்டிக்கிட்டு முழுசாக் கேப்பாங்க.

முதல்ல பின்னம். அரையையும் கால்வாசியையும் கூட்டுன்னாங்க. டீச்சர் போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள, "ஆறு நூல்"னா எங்க ஆளு. டீச்சருக்குப் புரியல. எங்க தொழில்ல ஒரு இஞ்சை எட்டாப் பிரிச்சு, அதுல ஒண்ணுக்கு நூல்னு பேரு. அரைன்னா நாலு நூல், கால்னா ரெண்டு நூல். அதைச் சொன்னதும், "அட, சரிதான், எட்டுல ஆறு, முக்கால்!"னு டீச்சர் சந்தோஷமாத் தலையாட்டினாங்க. எங்க ஆளுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. என்னைத் திரும்பிப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

அடுத்தது மூணுல ஒண்ணையும் நாலுல ஒண்ணையும் கூட்டச் சொன்னாங்க. சிரிப்பு போன இடம் தெரியல. டேப்பைக் கழுத்துலேருந்து எடுத்து, கண்ணுக்குக் கிட்ட வெச்சு, அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தா. "டீச்சர், டேப்புல மூணுல ஒண்ணே இல்ல"ன்னா. கிளாஸே சிரிச்சுது. டீச்சர் சிரிக்கல. "ஆமா, இல்லதான். அப்போ என்ன பண்ணலாம்?"னு கேட்டுட்டு, காத்துக்கிட்டு நின்னாங்க. எனக்கோ, யாராவது விடையைச் சொல்லித் தொலைங்களேன், டீ நேரம் ஆச்சுன்னு இருந்துச்சு. இவ நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருந்தவ, திடீர்னு எழுந்து நின்னுட்டா. "டீச்சர், வேற டேப்பு வேணும். இஞ்சைப் பன்னெண்டாப் பிரிச்ச டேப்பு. அதுல மூணுல ஒண்ணுன்னா நாலு நூல், நாலுல ஒண்ணுன்னா மூணு நூல். ஏழு நூல். பன்னெண்டுல ஏழு!"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வெச்சுட்டுக் கையைத் தட்டினாங்க. "இதுக்குத்தாம்மா பொதுப் பகுதின்னு பேரு. பசங்களுக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு மாசம் ஆகும்"னாங்க. அதுலேருந்து எந்தப் பின்னம் வந்தாலும் இவ முதல்ல டேப்பு செய்வா. "இதுக்குப் பதினஞ்சு நூல் டேப்பு அண்ணி, இதுக்கு இருபத்தி நாலு"ன்னு சாப்பிடும்போதுகூட முணுமுணுத்துக்கிட்டே இருப்பா. என் தம்பி சாம்பார் ஊத்தச் சொல்லி மூணு வாட்டி கேட்டாத்தான் காதுல விழும்.

அப்புறம் வந்துச்சு அந்த எக்ஸ். அவளுக்கு முதல்ல அது மேல அப்படி ஒரு கோபம். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? தெரியாததுக்கு எதுக்குப் பேரு வெச்சுச் சீராட்டணும்?"னு டீச்சர்கிட்டயே சண்டைக்குப் போயிட்டா. டீச்சர் அதுக்கும் அசரல. "ஒரு துணி ரோல். அதுல ஒரே அளவுல நாலு திரைச்சீலை வெட்டிட்டீங்க. ரெண்டு மீட்டர் மிச்சம். ரோல் மொத்தம் பதினாலு மீட்டர். ஒரு திரைச்சீலை எவ்வளவு?"ன்னாங்க. "மூணு மீட்டர்"னு இவ பட்டுனு சொல்லிட்டா. "எப்படி வந்துச்சு?" "மிச்சத்தைக் கழிச்சுட்டு நாலால வகுத்தேன்." "அந்தத் திரைச்சீலைக்குத்தாம்மா எக்ஸுன்னு பேரு."

அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. "அண்ணி, என்ன அதிசயம் பாருங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நினைச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி செஞ்சுக்கிட்டே போனா, அதுவா வந்து கையில மாட்டிக்குது!" சின்னப் புள்ளை மாதிரி முகமெல்லாம் பல்லு. இந்த வயசுல ஒருத்திக்கு இப்படி ஒரு சந்தோஷம் வரும்னு நான் நினைச்சதே இல்ல. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, சொன்னா தலைக்கு மேல ஏறிடுவான்னு, "ரோட்டைப் பாத்து நட"ன்னு மட்டும் சொன்னேன்.

இப்படி எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. வட்டம்கூட அவளுக்கு அத்துப்படி. வட்டப் பாவாடை வெட்டாத தையக்காரி உண்டா? இடுப்பளவை ஆறால வகுத்தா நடுவுல எவ்வளவு தூரத்துல கோடு போடணும்னு வந்துடும். டீச்சர் ஆறு இல்ல, ஆறேகாலுக்கும் கொஞ்சம் மேலன்னாங்க. "அந்த மிச்சம் எங்களுக்குக் கொசுவத்துல போயிடும் டீச்சர்"னா. அங்கேயே நான் முழிச்சிருக்கணும். முழிக்கல.

பரீட்சைக்கு முன்னாடி மாதிரிப் பரீட்சை ஒண்ணு வெச்சாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பேப்பர் குடுத்தாங்க. அளவு சம்பந்தமா வந்த கணக்கு அத்தனையும் தப்பு. ஒண்ணு விடாம! டேப்பு பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்டா. டீச்சர் பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"விளையாட்டு மைதானம் நாப்பது மீட்டர் நீளம், இருபத்தஞ்சு மீட்டர் அகலம். சுத்தளவு நூத்தி முப்பது மீட்டர். அதுவரைக்கும் சரியாப் போட்டிருக்கீங்க. அதுக்கப்புறம் நாலு இஞ்ச்னு எழுதியிருக்கீங்களே, அந்த நாலு இஞ்ச் எங்கேருந்து வந்துச்சு?"

"தையலுக்கு டீச்சர்." இவ சாதாரணமாச் சொன்னா. "ஒவ்வொரு பக்கமும் அரை இஞ்ச் விட்டா நீளத்துல ஒண்ணு, அகலத்துல ஒண்ணு. சுத்தளவுக்கு நாலு."

டீச்சர் பேனாவை மூடி வெச்சாங்க. "மைதானத்தை யாரும்மா தைக்கப்போறாங்க?"

நான் பின் பெஞ்சுல உக்காந்து சிரிச்ச சிரிப்புல வயித்து வலியே வந்துடுச்சு. வயல், தோட்டம், நீச்சல் குளம், பஸ் ஸ்டாண்டு, எல்லாத்துக்கும் தையல் விட்டு வெச்சிருக்கா. தெரிஞ்சு செய்யல. கைப்பழக்கம். ஒரு அளவைப் பாத்த உடனே கை தானா அரை இஞ்ச் சேத்துடுது. எங்க வேலையில அதுதானே முதல் பாடம்? தையலுக்கு விடாம வெட்டினா சட்டை உடம்புல ஏறாது.

"அளவை அளவா எழுதுங்க, போதும்"னாங்க டீச்சர். இவளுக்குக் கோபம் வந்துடுச்சு. "அப்படி எழுதினா பத்தாது டீச்சர். அந்த அளவுல வெட்டினா எதுவுமே பத்தாது!" பேப்பரைச் சுருட்டிக்கிட்டு வெளியே வந்துட்டா. எனக்கு அப்பத்தான் சிரிப்பு நின்னு பயம் வந்துச்சு. இது தெரியாத கணக்கா இருந்தா கத்துக்கலாம். கையில ஊறிப் போன ஒண்ணை எப்படிக் கழட்டுறது?

மேனேஜருக்கும் எப்படியோ சேதி போயிடுச்சு. என்னைத் தனியாக் கூப்பிட்டு, "நீங்க எட்டாவது பாஸ்தானே, நீங்களே அந்த மேஜைக்குப் போயிடுங்களேன்"னார். எனக்கு வந்துச்சே கோபம்! "சார், என் கையில கத்தரியைக் குடுத்தீங்கன்னா ஒரு பேண்ட்டுக்கு மூணு கால் வரும், பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு விட்டுட்டார். நான் சிரிக்கல. நேரா இவ மெஷினுக்குப் போய், "ஏய் இந்தா, உன் மேஜையை எனக்குத் தரேங்கிறார். வேணாம்னுட்டேன். இதுக்கு மேல நீ ஃபெயிலானா உன்னை நான் சும்மா விட மாட்டேன்"னேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "வரேன் அண்ணி, ஞாயித்துக்கிழமை வரேன்"னா.

அந்த ஞாயித்துக்கிழமை டீச்சர் ஒரு குஷன் உறையைக் கொண்டுவந்திருந்தாங்க. அவங்க வீட்டு சோஃபாவுலேருந்து கழட்டினது போல, ஒரு மூலையில டீக்கறை. அதை இவ கையில குடுத்து, "இது எவ்வளவு பெரிசு?"ன்னாங்க. டேப்பை ஒரு இழுப்பு. "பதினாறுக்குப் பதினாறு."

"உள்ளே தையலுக்கு விட்டது?"

"அது எதுக்கு டீச்சர்? அது உள்ளே மடங்கிப் போச்சே. கேக்குறவங்களுக்குத் தைச்சு முடிச்ச அளவுதான் சொல்லணும். வெட்டுற அளவு நமக்கு மட்டும்தான்…" சொல்லிக்கிட்டே வந்தவ அப்படியே நின்னுட்டா. குஷன் உறையைப் பாக்குறா, டீச்சரைப் பாக்குறா. "அப்போ மைதானம்னு கேட்டா, அது தைச்சு முடிச்சதா?"

"தைச்சு முடிச்சதுதாம்மா. யாரோ எப்பவோ தைச்சு வெச்சுட்டாங்க. நீங்க அளந்து மட்டும் சொன்னாப் போதும்."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா டீச்சர்!"னு கத்தினா பாருங்க, நாலு பெஞ்சு தள்ளித் தூங்கிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர் எழுந்து உக்காந்துட்டார். அங்கேயே உக்காந்து பேப்பர்ல இருந்த அத்தனை கணக்கையும் திரும்பப் போட்டா. ஒவ்வொண்ணையும் முடிச்சுட்டு, "தைச்ச அளவு, தைச்ச அளவு"ன்னு தன் தலையில தானே குட்டிக்கிட்டா. எல்லாம் சரி. டீச்சர் குஷன் உறையை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு, "கறையைப் பாத்திருப்பீங்களே, மன்னிச்சுக்குங்க"ன்னாங்க. எனக்கு அந்தப் பொண்ணைக் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு.

பரீட்சை அன்னிக்கு நானும் லீவு போட்டுட்டு ஸ்கூல் வாசல்ல நின்னேன். என் தம்பி வேலைக்கு நடுவுல வண்டியை நிறுத்தி ரெண்டு வாட்டி எட்டிப் பாத்துட்டுப் போனான். பெல் அடிச்சுது. சிரிச்சுக்கிட்டு வருவான்னு பாத்தா, காத்துல ஆடுற துணி மாதிரி வர்றா.

"அண்ணி, துணிக் கணக்கு வந்துடுச்சு."

"நல்லதாப் போச்சு! அதுதானே உனக்குத் தண்ணி பட்ட பாடு?"

"அய்யோ, அதுதான் அண்ணி வினையே!" அங்கேயே படிக்கட்டுல உக்காந்துட்டா. "மேஜை விரிப்பு, ரெண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். சுத்தி லேஸ் வெச்சுத் தைக்கணும், லேஸ் எவ்வளவு வேணும்னு கேட்டிருக்கான். சுத்தளவு ஏழு மீட்டர். ஏழுன்னு எழுதினேன். கை கேக்கல. மூலைக்கு மூலை மடிக்க லேஸ் வேணாமா? ஏழு மீட்டர் மட்டும் வாங்கிட்டுப் போனா கடைசி மூலை மொட்டையா நிக்குமே! அழிச்சுட்டு ஏழே கால்னு எழுதினேன். அப்புறம் டீச்சர் ஞாபகம் வந்து அழிச்சேன். இது தைச்ச அளவா, வெட்டுற அளவா? தைக்கணும்னு அவனேதானே சொல்றான்? திரும்ப எழுதினேன், திரும்ப அழிச்சேன். பேப்பரே நைஞ்சு போச்சு. பெல் அடிச்சுட்டான்."

"சரி, கடைசியா என்ன எழுதின?"

"அதுதான் அண்ணி எனக்கு ஞாபகமே இல்ல."

திட்டலாம்னு வாயைத் திறந்தேன், திட்டல. பக்கத்துலயே உக்காந்து அவ முதுகைத் தடவிவிட்டேன். எங்க ரெண்டு பேருக்கும் அது பழக்கமில்லாத விஷயம், ரெண்டு பேருக்குமே கூச்சமா இருந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எந்திரி, டீ குடிக்கலாம்"னேன். "மத்த கணக்கெல்லாம்?"னு வழியில கேட்டேன். "போட்டேன்னுதான் நினைக்கிறேன். ஆனா அந்த லேஸ் உள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு"ன்னா.

ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்டுல யாருக்கும் நிம்மதி இல்ல. மாஸ்டர் தன் சாமானையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில கட்டி மேஜைக்கு அடியில வெச்சுட்டார். மேனேஜர் அறையில தெரியாத ஆளுங்க ரெண்டு பேர் வந்து பேசிட்டுப் போனாங்க. கட்டிங்குக்குத்தான் வந்திருக்காங்கன்னு கூடமே பேசிக்கிச்சு. இவ தலையைத் தூக்காம தைச்சுக்கிட்டு இருந்தா. நான் அந்த ஆளுங்க போகும்போது முறைச்ச முறைப்புல ஒருத்தர் வாசப்படியில தடுக்கிட்டார்.

ரிசல்ட் அன்னிக்கு ஸ்கூல் போர்டுல நம்பர் ஒட்டுவாங்கன்னு சொன்னாங்க. இவ உள்ளே வர மாட்டேன்னு கேட்டுக்கு வெளியேயே நின்னுட்டா. கண்ணாடியை மாட்டிக்கிட்டு நான் போனேன். என் தம்பி மகளும் ஸ்கூல் பையோட கூடவே ஓடி வந்துச்சு. கூட்டத்துல முட்டி மோதி நம்பரைத் தேடினா, எனக்கு எழுத்தெல்லாம் ஒண்ணா ஓடுது. "அத்தை, இதோ! இதோ அம்மா நம்பர்! பாஸ்!"னு அந்தக் குட்டி கத்துச்சு. நான் நம்பாம விரலை வெச்சு ஒவ்வொரு எண்ணாப் படிச்சேன். அவ நம்பர்தான்.

கேட்டுக்கு ஓடி வந்தேன். எனக்கு ஓடத் தெரியும்னே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மூச்சு வாங்குது, சொல்ல முடியல, கையை மட்டும் ஆட்டுறேன். அவ நான் ஆட்டினதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு முகத்தைப் பொத்திக்கிட்டா. "பாஸுடி கழுதை! பாஸு!"ன்னு கத்தினேன். நடு ரோட்டுல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதோம், சிரிச்சோம், ஆட்டோக்காரர் ஹார்ன் அடிச்சுத் திட்டினார். "அந்த லேஸ் கணக்கு சரியா தப்பான்னு போட்டிருக்கானா அண்ணி?"ன்னு அப்பவும் கேக்குறா! "ஏழோ ஏழே காலோ, இனிமே அந்த லேஸ் பேச்சை எடுத்த, பல்லைப் பேத்துடுவேன்"னேன்.

அப்புறம் பயிற்சிக்குப் போனா, வந்தா, மாஸ்டர் எல்லார் முன்னாடியும் மேஜையை அவகிட்ட ஒப்படைச்சுட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனார். போகும்போது மேஜையை ஒரு தட்டுத் தட்டிட்டுப் போனார்.

அவ வெட்ட ஆரம்பிச்ச முதல் பெரிய ஆர்டர் ஹோட்டல் திரைச்சீலை. எனக்கும் ஒரு கட்டு வந்துச்சு. ரெண்டு ரெண்டா ஜோடி சேத்துத் தைக்கணும். நான் என் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே போறேன், கடைசியில பாத்தா ஒரு ஜோடியில ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இழுத்துக்கிட்டு நிக்குது. எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. மெஷினை நிறுத்திட்டு, ஹாலே திரும்பிப் பாக்குற மாதிரிக் கத்தினேன்: "என்னடி வெட்டியிருக்க? மாஸ்டர் இருந்த வரைக்கும் இப்படி ஒரு நாள் ஆகியிருக்குமா?"

எல்லா மெஷினும் ஒண்ணொண்ணா நின்னுச்சு. அவ மேஜையை விட்டு விலகி, அவசரப்படாம நடந்து வந்தா. என் கையிலேருந்து துணியை வாங்கினா. ரெண்டையும் விரிச்சு, மூலையோட மூலை சேத்து, வெட்டு விளிம்பை எல்லாருக்கும் தெரியுற மாதிரித் தூக்கிப் பிடிச்சா. ரெண்டும் ஒரு நூல் வித்தியாசம் இல்லாம ஒண்ணா இருந்துச்சு. அப்புறம் என் தையலைக் காட்டினா. நடுவுலேருந்து கோணிக்கிட்டுப் போயிருந்துச்சு. நான் போட்டதுதான்.

"வெட்டு சரியா இருக்கு அண்ணி. தையல்தான் ஓடியிருக்கு. பிரிங்க."

நேரா என் கண்ணைப் பாத்துச் சொன்னா. குரலை உயர்த்தல, தாழ்த்தவும் இல்ல. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவ என்கிட்ட ஒண்ணைச் செய்யுங்கன்னு சொன்னது அதுதான் முதல் தடவை. ஹால் முழுக்க என் வாயையே பாக்குறாங்க. என் வாய் அவங்களுக்குத் தெரியாதா என்ன?

எனக்கு அந்த நேரத்துல கோபமே வரல. அவ்வளவு சந்தோஷம். குனிஞ்சு டப்பாவுலேருந்து தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தேன். "சரிங்க மாஸ்டர்"னு சொல்லிட்டு, முதல் தையலைப் பிரிச்சேன்.